அன்றைக்கு மட்டும் நிறுத்துங்கள்

என் கணவர் வேலையில் இருந்தவரை ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நான் பார்த்ததில்லை. திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் வழியாகப் போகும் தனியார் பஸ் ஒன்றில் அவர் கண்டக்டர். நான் கீழ்பென்னாத்தூரில் தொடக்கப் பள்ளி ஆசிரியை. எழுபதுகளின் நடுவில், கல்யாணமான புதிதில், பல நாள் காலையில் அவருடைய பஸ்ஸிலேயே வேலைக்குப் போவேன். ஒரு கையில் டிக்கெட் கட்டு, இன்னொரு கையில் பென்சில். கால்களைச் சற்று அகட்டி வைத்துக்கொண்டு, வண்டி சாய்கிற பக்கத்துக்கு எதிராக இடுப்பை லேசாகத் தள்ளி, நின்ற வாக்கிலேயே எழுதுவார். டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் உட்கார்ந்திருப்பவர்களே முன்னால் சரிவோம். அவர் ஒரு அடி எடுத்து வைத்து அப்படியே நின்றுவிடுவார்.

"விழுந்துட மாட்டீங்களா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"விழணும்னு நெனச்சாக்கூட கால் விடாது டீச்சர்" என்றார்.

வீட்டிலும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். முதலில் கேலியாக ஆரம்பித்தது, பிறகு அதுவே நிலைத்துவிட்டது. எங்களுக்குக் குழந்தை இல்லை. கோயிலுக்கு வடக்கே ஒரு சந்தில், இரண்டு அறை வீட்டில் குடியிருந்தோம். அவருக்கு நெருங்கிய உறவென்று இருந்தது ஒரே அக்கா. அடி அண்ணாமலையில் நிலம் வைத்துப் பயிர் செய்துகொண்டிருந்தார். தாய் சின்ன வயதிலேயே போய்விட்டதால் தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். நான் அவரை அண்ணி என்பேன்.

எண்பதுகள் தொடங்கியபோது என் கணவருக்கு நாற்பத்திரண்டு வயது. முதலில் வியர்வைதான் வந்தது. மார்கழிக் குளிரிலும் பனியன் நனைந்துபோகும். பிறகு பேன்ட் பொத்தான் சேரவில்லை. கைகால்கள் மெலிந்துகொண்டே போக, இடது விலாவுக்குக் கீழே மட்டும் வயிறு கெட்டியாகப் புடைத்திருந்தது. வேலை முடிந்து வந்தால் சட்டையைக் கழற்றாமலே தூங்கிவிடுவார். எங்கள் தெரு டாக்டர் வயிற்றைத் தொட்டு அழுத்திப் பார்த்துவிட்டு, "இங்க வேணாம். நாளைக்கே வேலூர் போயிடுங்க" என்றார்.

வேலூரில் கையிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். இடுப்பெலும்பிலும் ஊசி குத்தி எடுத்தார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். ரத்தத்தில் புற்றுநோய். ஆனால் மெதுவாகப் போகிற வகை. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் சில வருஷங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். மாதம் ஒருமுறை வந்து ரத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அவர் கேட்ட முதல் கேள்வி, "வண்டிக்குப் போலாங்களா?" என்பதுதான்.

ஊர் திரும்புவதற்குள் கடும் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. அங்கேயே மூன்று வாரம் படுக்கை. காய்ச்சல் விட்டு, வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன நாளில் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்து எழுந்தார். முழங்கால் இரண்டும் மடங்கிவிட்டன. நானும் நர்ஸும் ஆளுக்கொரு பக்கம் பிடித்திராவிட்டால் தரையில் விழுந்திருப்பார். மறுபடி உட்கார வைத்ததும், வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை, உடற்பயிற்சி சொல்லித் தருகிற ஒரு அம்மா வார்டுக்கு வந்தார். என்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருப்பார். கேரளத்துப் பெண், தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். என் கணவருடைய தொடையைக் கையால் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இங்க பாருங்க. மூணு வாரத்துல இவ்வளவு சதை போயிருக்கு. வியாதி பாதி, படுக்கை பாதி. வீட்டுக்குப் போயும் படுத்தே இருந்தா இன்னும் கரையும். அப்புறம் ஒரு நாள் சும்மா எழுந்து நிப்பார், கால் தாங்காது. இவருக்கு இருக்கிற ரத்தத்துக்கு விழக் கூடாது. விழுந்தா உள்ளயே ரத்தம் கசியும், எலும்பு உடைஞ்சா சேராது. அதனால கால பழக்கணும்."

நாலு பயிற்சிகள் காட்டினார். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்கார வேண்டும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி விரலில் நிற்க வேண்டும். ஒரு கையால் மட்டும் கம்பியைப் பிடித்து, ஒற்றைக் காலில் பத்து எண்ணும்வரை நிற்க வேண்டும். கடைசியாக ஒரு பாதத்தின் முன்னால் இன்னொரு பாதத்தை ஒட்டி வைத்து, ஒரே கோட்டில் நடக்க வேண்டும். எப்போதும் யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும். கால்மிதியை எடுத்துவிட வேண்டும், ஈரத் தரையில் நடக்கக் கூடாது, லுங்கி தரையில் புரளக் கூடாது. எல்லாவற்றையும் நீல மையில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். கடைசி வரி இப்படி இருந்தது: 'காய்ச்சல், தலைச்சுற்றல், ஈறில் ரத்தம் இருந்தால் அன்றைக்கு மட்டும் நிறுத்துங்கள். எங்களைக் கேட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள்.'

அந்தத் தாளை ஜன்னலுக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டினேன்.

காலையில் நான் பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன்னால் அரை மணி நேரம் அதற்கென்று ஒதுக்கினோம். முதல் நாள் மூன்று தடவைதான் எழுந்தார். நான்காவது முறை பாதியில் நின்று, தொடை வெடவெடவென்று ஆட, பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். நான் எண்ணுவேன். வகுப்பில் வாய்ப்பாடு சொல்லித் தருகிற அதே குரலில் எண்ணுகிறேன் என்று கிண்டல் செய்வார். எங்கள் வீட்டுத் தரை சிவப்பு சிமென்ட். ஓரத்தில் கறுப்பு பார்டர் போட்டிருக்கும். அந்தக் கறுப்புக் கோட்டின் மேல்தான் நடை. வாசலிலிருந்து கிளம்பும்போது "ரைட்" என்பார். கொல்லைக் கதவுக்கு வந்ததும் "ஹோல்டான்" என்று நின்று, திரும்பி, மறுபடி "ரைட்." நானும் சிரித்துக்கொண்டே ஒரு கையை அவர் முதுகுக்குப் பின்னால் தொடாமல் வைத்தபடி கூடவே நடப்பேன்.

இரண்டு மாதத்தில் பத்துத் தடவை எழுந்தார். பிறகு பதினைந்து. முதலில் சந்து முனை வரை நடந்தோம், பிறகு தேரடி வரை. ஐந்தாவது மாதம் ஒரு மாலை மாட வீதி நான்கையும் சுற்றிவிட்டு, கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே வந்து உட்கார்ந்தோம். வழியில் பழக்கடை பாய் அவரைப் பார்த்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. இன்னா, ஆளே மாறிட்டீங்க?" என்றார். "உக்கார மாட்டேன் பாய், நின்னாதான் மார்க்கு ஜாஸ்தி" என்று சொல்லி நின்றபடியே பேசிக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் டவுன் பஸ் ஏறி அடி அண்ணாமலைக்கு அண்ணியைப் பார்க்கப் போனோம். இடம் கிடைக்கவில்லை. அவர் நின்றுகொண்டு, மேல் கம்பியைப் பிடித்தார். பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கம்பி எதுக்கு வெச்சிருக்கானுங்கன்னு இப்பதான் தெரியுது டீச்சர்."

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. அந்த மாத நடுவில் பஸ் முதலாளி ஆள் அனுப்பி, பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் வேலை காலியாக இருக்கிறது, உட்கார்ந்து பார்க்கிற வேலைதான், அடுத்த மாதம் முதல் வரச் சொல்லுங்கள் என்று சொல்லியிருந்தார். என் கணவர் காக்கிச் சட்டையை எடுத்து இஸ்திரி போடக் கொடுத்தார். டைம் கீப்பருக்குக் காக்கி தேவையே இல்லை.

அதற்கடுத்த வாரம் ஒரு காலை, பல் விளக்கும்போது ஈறிலிருந்து ரத்தம் வந்தது. வாய் கொப்பளிக்கக் கொப்பளிக்க நிற்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எங்கும் இடித்துக்கொள்ளாமலே நீலமாக ஒரு திட்டு. நான் பள்ளிக்கு லீவு சொல்லி அனுப்பிவிட்டு ஐஸ்கட்டி வாங்கி வந்து வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து அண்ணி கத்தரிக்காய்ப் பையோடு வந்து நின்றார். வாஷ்பேசின் சிவந்திருந்ததைப் பார்த்தார். சுவரோரம் நாற்காலி தயாராகப் போட்டிருந்ததையும் பார்த்தார்.

"இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க ரெண்டு பேரும்? வாயில ரத்தம் கொட்டுது, இவன கசரத் பண்ண சொல்றியா நீ? சொகமில்லாதவன் படுத்து கெடந்தா ஒனக்கு இன்னா கஷ்டம்? சோறு ஆக்க நான் வரேன். இவன் எழுந்து ஆடி இன்னா ஆவப் போவுது?"

"ஆஸ்பத்திரியில சொல்லி அனுப்பினது அண்ணி" என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்காரங்களா வந்து இவன தூக்கப் போறாங்க?"

அண்ணி போன பிறகு நாற்காலியை எடுத்துச் சமையலறையில் போட்டேன். அன்று பயிற்சி இல்லை. அது சரிதான், தாளிலும் அப்படித்தான் இருந்தது. மறுநாள் ரத்தம் நின்றுவிட்டது. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. நாலாம் நாள் காலை அவர் ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "நாற்காலி எங்க?" என்றார்.

"வேணாங்க. கொஞ்ச நாள் போகட்டும்."

"அன்னிக்கு மட்டும்தானே எழுதியிருக்கு. ஒரு நடை வேலூர் போய்க் கேட்டுட்டு வந்துடலாம்."

நான் அழுதேன். "நான் கீழ்பென்னாத்தூர்ல பாடம் எடுத்துட்டிருக்கும்போது நீங்க இங்க விழுந்து கெடந்தீங்கன்னா யாரு வந்து சொல்லுவாங்க எனக்கு? எனக்கு இதெல்லாம் தாங்காதுங்க. படுத்திருங்க. நான் நிம்மதியா வேலைக்குப் போவேன்."

அவர் "சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார்.

டைம் கீப்பர் வேலையும் வேண்டாமென்று நானே சொல்லி அனுப்பினேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. எங்கள் தெரு டாக்டர் எப்போதும்போல் "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லியிருந்தார். யாருக்கும் சொல்கிற வார்த்தைதான் அது. நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால், நம் பயத்துக்கு ஒத்துப்போவது எதுவோ அதைத்தான் நம்புகிறோம். கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்து போட்டேன். குடிக்கத் தண்ணீர், டிரான்சிஸ்டர், செய்தித்தாள் எல்லாம் கைக்கெட்டுகிற இடத்தில் வைத்தேன். எழுந்திருக்க ஒரு காரணமும் மிச்சம் வைக்கவில்லை. மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து பார்த்துக்கொள்வார். பள்ளி விட்டு வரும்போது அவர் விட்ட இடத்திலேயே படுத்திருப்பார். அதைப் பார்த்ததும் எனக்கு மனது ஆறும். அந்த ஆறுதலை நினைத்தால் இன்று உடம்பு கூசுகிறது.

அடுத்த மாதம் வேலூர் போனோம். மாத்திரையின் அளவைக் குறைத்தார்கள். அதற்கடுத்த மாதம் ரத்தம் தேறியிருந்தது. டாக்டர் சந்தோஷமாகவே சொன்னார். வெளியே வரும்போது தாழ்வாரத்தில் அந்த உடற்பயிற்சி அம்மா எங்களைப் பார்த்துவிட்டு நின்றார்.

"எப்படி இருக்கீங்க? தினம் பண்றாரா?"

அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் சொன்னேன். "பண்றாருங்க மேடம்."

"எத்தனை தடவை எழுந்திருக்கிறார்?"

"பத்து."

அந்த அம்மா என் கணவர் முகத்தைப் பார்த்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. "ஆமா மேடம், தினம் பண்றேன்" என்றார்.

"ஒரு தடவை உட்கார்ந்து எழுந்து காட்டுங்க, பார்க்கலாம்."

"பஸ்ல நின்னுட்டே வந்தாருங்க, ரொம்ப அலுப்பா இருக்காரு. அடுத்த தடவை வரும்போது..." என்று நான் அவர் கையைப் பிடித்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். நாங்கள் பஸ்ஸில் உட்கார்ந்துதான் வந்திருந்தோம்.

அன்றைக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அங்கேயே, அந்த நிமிஷமே, மறுபடி தொடங்கியிருக்கலாம். ரத்தமும் தேறியிருந்தது. ஒரு வாத்தியாரம்மா இன்னொரு வாத்தியாரம்மாவிடம் திட்டு வாங்கப் பயந்தேன், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து சேரும்வரை அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. என் மானத்தைக் காப்பாற்றத் தானும் பொய் சொன்னவர், அதற்காக என்னை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

பயிற்சியை நிறுத்தி நாலு மாதம் ஆனபோது அவர் விழுந்தார். நான் பயந்ததுபோல் நான் பள்ளியில் இருக்கும்போது இல்லை. ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு. நான் சமையலறையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவருடைய பழைய டிரைவர் பார்க்க வந்து, வாசலில் நின்று "அண்ணே!" என்று கூப்பிட்டார். இவர் "வா, வா" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். தரையில் ஈரம் இல்லை, கால்மிதி இல்லை, படி இல்லை. எழுந்து நின்றார், ஒரு அடி வைத்தார், கால் தாங்கவில்லை. நான் ஓடி வந்தபோது டிரைவர் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "நான் கூப்பிட்டே இருக்கக் கூடாது டீச்சரம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லப்போனால் அவர் ஒரு தவறும் செய்யவில்லை.

வலது இடுப்பு முறிந்திருந்தது. வேலூருக்கு டாக்ஸியில் கொண்டுபோவதற்குள் தொடை முழுக்க நாவல்பழ நிறமாகிவிட்டது. ஆபரேஷன் செய்தால் ரத்தம் நிற்காது, அதனால் கூடாது என்றார்கள். காலில் எடை கட்டித் தொங்கவிட்டார்கள். அசையாமல் வாரக் கணக்கில் படுக்க வேண்டும். எதற்குப் பயந்து படுக்க வைத்தேனோ அதுவே நடந்து, இனி படுக்கை மட்டும்தான் என்று ஆனது.

இரண்டாம் நாள் அந்த உடற்பயிற்சி அம்மா வந்தார். இந்த முறை நான் அவரைத் தனியாக அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தாழ்வாரத்தில் சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"எப்போ நிறுத்தினீங்க?"

"நாலு மாசம் ஆச்சுங்க."

அதை அவருடைய குறிப்பில் எழுதிக்கொண்டார்.

"பண்ணியிருந்தா விழுந்திருக்க மாட்டாருங்களா மேடம்?" என்று கேட்டேன்.

அவர், "பண்ணியிருந்தாலும் விழுந்திருக்கலாம். சொல்ல முடியாது. ஆனா கால் கொஞ்சம் தாங்கியிருக்கும்" என்றார். பிறகு உள்ளே போய், கையைத் தூக்கி இறக்கவும், நல்ல காலின் கணுக்காலை மடக்கி நீட்டவும், மூச்சை ஆழ இழுத்து விடவும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார். எண்ணுகிற வேலை மறுபடி எனக்கு வந்தது.

ஒரு மத்தியானம் எண்ணிக்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்திவிட்டேன். "என்னைத் திட்டுங்களேன்" என்றேன்.

"இன்னாத்துக்கு? நீ பயந்துட்ட. நானும் சரின்னு படுத்துட்டேன்ல? எனக்கும் பயம்தான்." அப்புறம், "ஏழு வரைக்கும் எண்ணின. எட்டுலருந்து சொல்லு" என்றார்.

ஏழு வாரம் கழித்து எடையை அவிழ்த்தார்கள். அந்த அம்மாவும் ஒரு நர்ஸும் சேர்ந்து அவரைக் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார வைத்தார்கள். இரண்டு மாதமாகக் கூரையை மட்டுமே பார்த்திருந்தவர், எதிரே ஜன்னலில் தெரிந்த வேப்பமரத்தைப் பார்த்தார், கீழே போகிற ஆட்களைப் பார்த்தார். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது, ஆனாலும் முகம் தெளிந்திருந்தது. "இன்னும் கொஞ்ச நேரம்" என்றார். அந்த அம்மாவும் தலையாட்டினார். அப்போதும் "போதும், படுங்க" என்று முதலில் சொன்னது நான்தான். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் இன்னும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. பத்து நாளில் போய்விட்டார்.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, அண்ணி மட்டும் இரண்டு நாள் என்னோடு தங்கினார். சாயங்காலம் பாத்திரங்களைத் துலக்கிக் கவிழ்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு நான் வாய மூடிக்கினு போயிருக்கணும்" என்றார். "நீ நல்லாத்தான் பண்ணிக்கினு இருந்த. மாட வீதியே சுத்தி வந்தானாம், பாய் சொன்னாரு. நான் வந்து கத்தி, நீ வுட்டுட்ட. என் தம்பிய நானே சாவடிச்சிட்டேன்."

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சுவரில் ஒட்டியிருந்த தாளில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அன்றைக்கு மட்டும் என்று எழுதியிருந்ததைப் படித்தவள் நான். மறுபடி தொடங்க விடாதது நான். ஆஸ்பத்திரியில் பொய் சொன்னதும் நான். "இல்ல அண்ணி, உங்க மேல தப்பு இல்ல" என்று ஆரம்பித்து நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்திருக்கலாம்.

நான் சொல்லவில்லை. தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அந்தப் பழியை இன்னொருவர் தானாகவே எடுத்துக்கொள்ள வந்தபோது, எனக்கு ஒரு பக்கம் பாரம் இறங்கியதுபோல இருந்தது என்பதுதான் நிஜம். அவர் என் மௌனத்தை ஆமோதிப்பாக எடுத்துக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகு நாலைந்து வருஷம் இருந்தார். அறுவடையானால் எனக்கு வேர்க்கடலை கொடுத்தனுப்புவார். நானும் பள்ளி விடுமுறையில் அடி அண்ணாமலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுவேன். போனால் அவர் சாப்பாடு போடுவார், மாட்டைப் பற்றிப் பேசுவார், மழையைப் பற்றிப் பேசுவார். நான் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். ஒரு கார்த்திகை மாதம் அவரும் போய்ச் சேர்ந்தார். கடைசிவரை தம்பியின் சாவுக்குத் தான்தான் காரணம் என்று நம்பிக்கொண்டே போனார்.